அச்சேறாமல் போன ஆயரின் வாழ்க்கை

2002 ஆகஸ்ட், ஒரு ஞாயிறு. காலை 6.10-க்குக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறினேன். காத்திவாக்கத்துக்குக் கட்டணம் ஆறு ரூபாய். முந்தின இரவு திருச்சியில் புறப்பட்டவள், எழும்பூரில் முகம் கழுவியதோடு சரி. பையில் ஒரு புத்தகத்தின் மெய்ப்புத் தாள்கள் இருந்தன.

எழுதியவர் ஃபாதர் அருளப்பன். காத்திவாக்கத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தின் பங்குத்தந்தை. பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், வரலாற்றைப் பதினோரு ஆண்டுகளாக எழுதிவந்தார். நான் மெய்ப்பு பார்க்கும் அச்சகம் அதை வெளியிட இருந்தது. எல்லாம் தயாரான நேரத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது: 'அச்சிட வேண்டாம். மன்னிக்கவும்.' ஏழு மாதம் வரிவரியாகப் படித்தவளுக்கு மனம் ஒப்பவில்லை. நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

தண்டையார்பேட்டையில் எண்ணெய் வாடை பெட்டிக்குள் வந்தது. திருவொற்றியூருக்குப் பிறகு வலப்புறம் கடல் தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மதில்களும் சரக்குப் பெட்டிகளும்தான் தெரிந்தன.

6.55. காத்திவாக்கம். ஷேர் ஆட்டோவுக்கு ஐந்து ரூபாய்.

"கோயிலுக்கா? அங்க யாரும் போறதில்லியேம்மா," என்றார் ஓட்டுநர். இரண்டு கிலோமீட்டர் போனதும் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல போவாது. ரோட்ட கடல் தின்னுட்சி."

இறங்கிய இடத்தில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். ஒன்றின் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் ஃபாதர் இருக்கும் கோயிலுக்கு வழி கேட்டேன். மேரி என்று பெயர், நாற்பது வயதிருக்கும்.

"சாமிக்கு சொந்தமா நீ?"

"இல்லைங்க. அவர் எழுதின புத்தகத்தைத் திருத்துறவள்."

"சாமி நல்லா எழுதுவாரு. எங்க பேப்பரெல்லாம் அவுருதான் எழுதுனாரு."

எந்தக் காகிதம் என்று கேட்டேன். கை வேலையை நிறுத்தாமல் சொன்னாள். நான்கு வருடத்துக்கு முன், கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டுவதற்காகக் கரையோர வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மாற்று வீடு தருவதற்கு ஓர் அரசுக் குழு அமைத்தார்கள். ஃபாதர் அதில் உறுப்பினர்.

"சர்க்கார் ஆளு சொன்னா நம்பியிருக்க மாட்டோம். சாமி சொன்னாரு, கையெழுத்துப் போட்டோம். ஆறு மாசத்துல வூடுன்னாரு. இன்னும் இந்தக் கொட்டாயிலதான் கீறோம்."

போன மழையில் கொட்டகைகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவளுடைய ஏழு வயது மகளுக்குக் காய்ச்சல்.

"தூக்கினு ரோட்டுக்கு வர்றதுக்குள்ள போய்ட்சி. சாமிதான் அடக்கம் பண்ணாரு. அதுக்கப்புறம் கோயிலுக்கு யாரும் போவல."

"சண்டை போட்டீங்களா?"

"சண்டையெல்லாம் இல்ல. போவல, அவ்ளோதான்."

8.00. மணியை ஃபாதரே அடித்தார். மெலிந்த மனிதர், வயது ஐம்பத்தைந்துக்கு மேல் தெரிந்தது. இருநூறு பேர் அமரக்கூடிய கோயிலில் நான் மட்டும் இருந்தேன். ஒரு வரி விடாமல் பூசை செய்தார். 

பிறகு அவர் அறையில் டீ. மெய்ப்புத் தாள்களை மேசைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை.

புத்தகத்தின் நாயகர் சாதாரண ஆள் அல்ல. சட்டம் படித்து ஆயரானவர். தன் பேராலயத்தை விரித்துக் கட்டியவர். ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்க விடுதி அமைத்தவர். பிறகு அரசன் அவரைக் கருவூலத்துக்குப் பொறுப்பாக்கினான். அரசனை மக்கள் வெறுத்தார்கள். அவன் பேரில் வரி வாங்கிய ஆயரையும் வெறுத்தார்கள். கடைசியில் அரசன் தப்பியோடினான், தலைநகரத்தை ஆயரிடம் விட்டுவிட்டு. குதிரையில் வந்தவரைக் கூட்டம் துரத்தியது. அடைக்கலம் தேடி அந்நகரின் பேராலயக் கதவுவரை போய்விட்டார். அங்கே இழுத்துப்போட்டு, தெருவில் கொண்டுபோய், ரொட்டி வெட்டும் கத்தியால் தலையை அறுத்தார்கள்.

"அந்த இடத்துல என்ன எழுதியிருக்கேன், ஞாபகம் இருக்கா?" என்றார் ஃபாதர்.

இருந்தது. 'அறிவற்ற கும்பல் ஒரு புனிதரைக் கொன்றது.'

"அரசன் எப்படிப்பட்டவன்னு அவருக்குத் தெரியும். உள்ள இருந்தாத்தான் நாலு நல்லது செய்யலாம்னு நினைச்சிருப்பார். நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"அந்த ஒரு வரியை மாத்திடலாம், ஃபாதர்."

"எப்படின்னு மாத்துவீங்க?"

தாள்களில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். 

"குழுவை விட்டு விலகிட்டீங்களா?"

"குழுவையே கலைச்சுட்டாங்கம்மா. ராஜினாமாவை யார்கிட்ட கொடுக்கறது?"

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. தாள்களைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன்.

11.15. சாலைவரை கூடவே நடந்து வந்தார். திருச்சியில் எங்கள் பங்குத்தந்தை தெருவில் இறங்கினால் பத்தடி நடக்க அரைமணி ஆகும். ஆளுக்கு ஒரு குறை சொல்லி நிறுத்துவார்கள். இங்கே கொட்டகைகளுக்கு நடுவே அவரோடு போனபோது யாரும் தலை தூக்கவில்லை. வலை பின்னும் ஆண்கள் ஊசியைப் பார்த்தார்கள். ஒரு வசைச்சொல்கூட வரவில்லை. மேரி மட்டும் நாங்கள் போக வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சாலையில் நின்றதும் சொன்னார்: "கொல்றதுக்காவது அந்த ஆயரைத் தேடி ஜனங்க வந்தாங்க."

ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவர் கொட்டகைகளை நோக்கி நடந்துகொண்டிருந்தார். எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள்.