வைஜயந்தியின் கிஸ்மிஸ் வகுப்பு

விஷ்ராந்த்வாடி சிக்னலில் வைஜயந்தி ஹாரன் அடிப்பதைக் கேட்டவர்கள், அவள் ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்கு மன அமைதி சொல்லிக்கொடுக்கிறவள் என்றால் நம்ப மாட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் நானே நம்புவதில்லை. விளக்கு பச்சைக்கு மாறுவதற்குள் முன்னால் நிற்கும் ரிக்ஷாக்காரரை மராத்தியில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "மூச்சைக் கவனிங்க ரோஹிணிக்கா" என்பாள். என் மூச்சுக்கு என்ன கேடு? அவள் ஸ்கூட்டரில் ஏறினால்தான் அது நிற்கிறது.

நாங்கள் இருவரும் லோஹேகாவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிடம். அவள் கணவர் மகாதேவன் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு ஊரிலும் ஒரு பரீட்சை எழுதி, தபால் வழியிலேயே உளவியல் படித்து முடித்தவள் அவள். அந்த உறுதியை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேறு விஷயங்கள் தாராளமாக இருக்கின்றன.

பிம்ப்ரி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கணக்கு எடுக்கிறேன். அவள் அங்கே மாணவர் ஆலோசகர். நான் நோயைக் கொடுக்கிறேன், அவள் மருந்து கொடுக்கிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு உண்டு. முதலில் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியும். அவருக்கு இன்றுவரை நான் டீ வாங்கிக்கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய வகுப்பு. பயம் வந்தால் விரட்டாதே, வந்திருக்கிறது என்று பார், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உன் வேலையைச் செய் என்பதுதான் மொத்தப் பாடமும். இந்தியில், ஆங்கிலத்தில், நடுநடுவே மராத்தியில் சொல்வாள். எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. வீடு திரும்ப அவள் ஸ்கூட்டரைத்தான் நம்பியிருப்பதால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். சிவப்பு மை தீரத் தீர, முன்னால் இருக்கிற பிள்ளைகள் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த வகுப்பில் ஹரீஷ் என்று ஒரு பையன். பிம்ப்ரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், அப்பா பாஸ்கர் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். என் கணக்குப் பேப்பரில் அவனுக்குக் கேட்டி. அதாவது, தோற்ற பேப்பரை முதுகில் சுமந்துகொண்டு அடுத்த வருஷத்துக்குப் போவது. சுமக்கவும் ஒரு எல்லை உண்டு. இந்தத் தடவை தேறாவிட்டால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மக்குப் பையன் இல்லை அவன். ஹாலில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பார்ப்பான், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவான். இரண்டு தடவை அப்படித்தான் போனான்.

வைஜயந்தி அவனைத் தனியாக அழைத்துப் பேசிப் பார்த்தாள். "எப்படி இருக்கே?" என்றால் "ஃபைன் மேடம்" என்பான். தூக்கம் ஃபைன், சாப்பாடு ஃபைன், வீடு ஃபைன். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவள் நொந்துபோயிருந்தாள். அந்தப் பையன் வாயிலிருந்து ஒரே ஒரு உண்மை வந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்கூட்டரில் புலம்புவாள். புலம்பும்போதும் ஹாரனை விடமாட்டாள்.

பரீட்சைக்கு முந்தைய கடைசி வெள்ளிக்கிழமை, கிஸ்மிஸ் பயிற்சி. ஒரே ஒரு உலர்ந்த திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, நிதானமாக மென்று, நாக்கில் என்ன தோன்றுகிறதோ அதை நல்லது கெட்டது என்று பிரிக்காமல் கவனிக்க வேண்டும். தின்ன உட்கார்ந்தால் தட்டையே பார்க்காமல் போனைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய தவம்தான்.

இங்கே வைஜயந்தியின் சமையலறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாச் சாமானும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்களில் வரிசையாக நிற்கும். ஒன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. ஒட்டினால் அழகு கெட்டுவிடுமாம். எதில் எது என்று கைக்கே தெரியும் என்று பீற்றிக்கொள்வாள். அன்றைக்கு அந்தக் கை அவசரத்தில் எடுத்து வந்தது சுண்டைக்காய் வற்றல் டப்பாவை. மோரில் ஊறி, உப்பேறி, வெயிலில் காய்ந்து சுருங்கிய, இன்னும் எண்ணெயைப் பார்க்காத வற்றல்.

டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் முதல் பெஞ்சில் கொடுத்து, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லிவிட்டு, அம்மையார் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளைகளில் பாதிப் பேர் நாக்பூர், நாசிக். இது ஏதோ தென்னிந்தியக் கிஸ்மிஸ் என்று நினைத்தார்களாம். வாயில் போட்டார்கள். "மெதுவா கடிங்க. என்ன ருசி வருதோ வரட்டும். எதிர்க்காதீங்க" என்று முன்னாலிருந்து தேன் போலக் குரல் வருகிறது.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அப்படியொரு வகுப்பை என் ஆயுசில் பார்த்ததில்லை. ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒருத்தி கண்ணில் தண்ணீர் வழிகிறது. ஆனாலும் ஒருவர் துப்பவில்லையே! எல்லோரும் விடாமல் மென்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பில் இந்தக் கீழ்ப்படிதலில் கால்வாசி இருந்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அப்போது ஹரீஷின் குரல் கேட்டது.

"மேடம், இது கிஸ்மிஸ் இல்ல. ரொம்பக் கசப்பு இருக்கு."

வைஜயந்தி கண்ணைத் திறந்தாள். எழுந்து வந்து டப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. வகுப்பில் பாதி குழாயடிக்கு ஓடியது. ஹரீஷ் மட்டும் அசையவில்லை.

அவள் அவன் எதிரே உட்கார்ந்து தமிழில் கேட்டாள். "கசந்ததுன்னா ஏம்ப்பா இவ்வளவு நேரம் மென்னே?"

"நீங்கதானே அக்செப்ட் பண்ணணும்னு சொன்னீங்க."

"முழுங்கிட்டுச் சும்மா இருக்கிறது அக்செப்ட் பண்றது இல்லடா. கசக்குதுன்னு முதல்ல ஒத்துக்கணும். நீ இப்ப சொன்னே பாரு, அதுதான்."

அவன் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பின்னால் நான் இருப்பதை மறந்தோ மறக்காமலோ, திக்கித் திக்கிச் சொன்னான். "ஹால்ல உட்கார்ந்தா எனக்குக் கை ஷேக் ஆகுது மேடம். எழுத வரல. வீட்டுல பாஸ் ஆயிட்டேன்னு சொல்லிட்டேன்."

என் கையில் இருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். சிரிப்பெல்லாம் போய்விட்டது. வைஜயந்தி புத்திமதி எதுவும் சொல்லவில்லை. கை நடுங்கும்போது எப்படி இருக்கும், எங்கே ஆரம்பிக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இருட்டின பிறகுதான் கிளம்பினோம். போகும்போது அவன் மிச்ச வற்றலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். டப்பாவோடு கொடுத்துவிட்டாள்.

அந்த வாரமே வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டானாம். அப்பா கத்தியிருக்கிறார், பிறகு பேச்சை நிறுத்தியிருக்கிறார். பரீட்சையன்று அவரேதான் பைக்கில் கொண்டுவந்து விட்டார்.

கேள்வித்தாளில் சந்தேகம் கேட்டால் சொல்வதற்காக ஹால் ஹாலாகச் சுற்றுவது என் வேலை. வைஜயந்திக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் வராந்தா ஜன்னலோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "மூச்சைக் கவனி வைஜயந்தி" என்றேன். இவ்வளவு நாள் காத்திருந்தவள் நான், விடுவேனா? "சும்மா இருங்கக்கா" என்று சீறினாள்.

உள்ளே ஹரீஷ் பேனாவைக் கீழே வைத்திருந்தான். கை நடுங்குவது எனக்கே தெரிந்தது. எழுந்து போகப் போகிறான் என்று நினைத்தேன். சட்டைப் பையில் கையை விட்டு எதையோ எடுத்து வாயில் போட்டான்.

துண்டுச் சீட்டு! விழுங்குகிறான்! ஓடிப்போய் அவன் முன்னால் நின்றேன். "வாயைத் திற."

திறந்தான். நாக்கின் மேல் ஒரு சுண்டைக்காய் வற்றல்.

"கசக்குதா?" என்றேன்.

"கசக்குது மேடம்" என்றான். முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்தான். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, எழுத்தும் கோணல்மாணலாகத்தான் வந்தது. நான் அடுத்த ஹாலுக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். ஜன்னலில் வைஜயந்தியும் நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்து அவன் கையைத் தூக்கினான். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கத்தான் என்று நினைத்து ஓடினேன்.

"மேடம், இன்னொரு பேப்பர் வேணும்."