லோங்காங்குக்கு அந்தப் பக்கம் எரிந்த விளக்கு

1. காலி நாற்காலிகள்

கள்ளுக்கடையில் எங்கள் முதல் நாடகம் தொடங்க வேண்டிய நேரம். ஆண்கள் பின்வரிசைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்களுக்கென்று ஒதுக்கிய முன்வரிசைகள் அப்படியே காலி.

பெண்கள் வராமல் இல்லை. வந்திருந்தார்கள். கட்டடத்தைச் சுற்றி லோங்காங், அதாவது சிமெண்டுக் கால்வாய் ஓடும். அதற்கு அந்தப் பக்கம் கும்பலாக நின்றார்கள். தாண்டத்தான் மாட்டேன் என்றார்கள்.

எங்கள் நாடகக் குழுவை நடத்தியவர் அந்தோணி அண்ணன். டவுன்காரர். பாரம் தூக்கவும் தயங்க மாட்டார், பாராட்டவும் தயங்க மாட்டார், யோசிக்கத்தான் கொஞ்சம் தயங்குவார். என்னிடம் ஓடி வந்தார்.

"என்னா லெட்சுமி, பொம்பளைங்க யாரும் உள்ள வரல? நோட்டீஸ் ஒழுங்காதானே ஒட்டுனோம்?"

"அண்ணே, இது கள்ளுக்கடை."

"இப்ப கள்ளு இல்லியே லா. கடைய மூடி எத்தன வருசம் ஆச்சு!"

"உங்களுக்கு இல்ல. அவங்களுக்கு இன்னும் இருக்கு."

அந்தக் கும்பலில் என் அம்மாவும் நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன்.

"உள்ள வாம்மா. உனக்குத்தான் நாற்காலி போட்டு வச்சிருக்கேன்."

"நான் இங்கயே நிக்கிறேன். நல்லாதான் தெரியுது."

"இங்கேருந்து பாதிதான் தெரியும்."

"உங்கப்பன் உள்ள உக்காந்திருந்தப்பவும் எனக்குப் பாதிதான் தெரிஞ்சுச்சு. போ, போய் வேலயப் பாரு."

இதற்கு மேல் அம்மாவிடம் வாய் கொடுக்க முடியாது. நானும் வாயாடிதான். ஆனால் எங்கே கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறீர்கள்?

2. கள்ளுக்கடை எப்படி அரங்கமானது

நான் அப்போது குருணில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மெயிண்டனன்ஸ் டெக்னீஷியன். ஞாயிறு வந்தால் குழுவுக்கு லைட்டிங். மேடை வைத்து, திரை கட்டி நாடகம் போடுகிற குழு இல்லை எங்களுடையது. கிடைத்த இடத்துக்குத் தக்கபடி நாடகத்தையே மாற்றுவோம். செர்டாங் பக்கம் மூடிக் கிடந்த, தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில், தொட்டில் கட்டிய கொக்கிகளில் விளக்கு மாட்டினேன். கோத்தா கோலா மூடாவில் மீன் பெட்டி அடுக்கும் கொட்டகையில் போட்டோம். ஹாலஜன் விளக்குச் சூட்டுக்குத் தரையில் காய்ந்திருந்த மீன் வாடையெல்லாம் கிளம்பியது. சோகக் காட்சியில் பாதிப் பேர் மூக்கைப் பொத்தினார்கள். அழுகிறார்கள் என்று அந்தோணி அண்ணன் பூரித்துப் போனார்.

அப்புறம்தான் கள்ளுக்கடை. குருணுக்கு வெளியே, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இருந்தது. அப்பா இறந்த பிறகும் அம்மா அங்கேதான், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் இருந்தார். நாங்கள் கேட்டதும் தோட்ட மேனேஜர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

லைட்டிங் செய்கிறவளுக்கு அந்த இடம் சொர்க்கம். இரும்பு உத்தரம் என் உயரத்துக்கு இரண்டு மடங்கு. சிமெண்டுத் தரை. இடுப்பளவு அரைச்சுவர், அதற்கு மேல் நாலாபக்கமும் திறந்தவெளி. கள்ளு ஊற்றிக் கொடுத்த கவுண்டரில் கம்பி வலை அடித்திருந்தது. அதற்குள் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் டிம்மரை வைத்தால் அதுவே கண்ட்ரோல் ரூம். எல்லாம் பார்த்தோம். அந்தக் கவுண்டர் முன்னால் எத்தனை குடும்பங்களின் சம்பளம் கரைந்தது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சம்பள நாளில் அம்மா அந்த லோங்காங் ஓரம் வந்து நிற்பார். கடை சாயங்காலத்துக்குள் மூடிவிடும். அதனால் மத்தியான வெயிலிலேயே நிற்பார். தான் தாண்ட மாட்டார், என்னைத்தான் அனுப்புவார். நான் அரைச்சுவரில் எம்பி, "அப்பா, அம்மா கூப்பிடுறாங்க" என்பேன். அப்பா கையைக் காட்டுவார். வருகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், போ என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

3. நாடகம் திரும்பி நின்றது

முதல் நாள் எப்படியோ ஒப்பேற்றினோம். மறுநாள் தேவகிதான் வழி சொன்னாள். தேவகி எங்கள் நடிகை. செம்பனை நாற்றங்காலில் வேலை செய்தவள். நாடகத்தில் அவள் லயத்து வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிற பெண்ணாக வருவாள். கடைசிவரை ஒரு வசனம் கிடையாது. சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிக்கொண்டே இருப்பாள்.

"அவங்க உள்ள வர மாட்டாங்கன்னா நான் அவங்க பக்கம் திரும்பிக்கிறேண்ணே. நாற்காலிக்கு முதுகக் காட்டுனா என்னா, போலீஸ் புடிக்குமா?"

அப்படியே மாற்றினோம். அவள் பானை, பாய், தலையணை என்று ஒவ்வொன்றாக அரைச்சுவரைத் தாண்டி நீட்டுவாள். கையில் யாராவது ஒரு சாமானைக் கொடுத்து அழுத்தினால் நம் பெண்கள் வாங்காமல் விடுவார்களா? லோங்காங்குக்கு மேலே கையை நீட்டி வாங்கி, நாடகம் முடியும்வரை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே வீடு காலியாகக் காலியாக, வெளியே அவர்கள் கைகளில் வீடு சேரும்.

ஒரு நாள் பானை வாங்கிய ஓர் அக்கா அதை மறந்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். மறுவாரம் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தார். "என்னா தேவகி, பானைய இப்படியா கரி புடிக்க வுடுவ?" என்று திட்டு வேறு. வெளிச்சத்தில் எடுபட வேண்டும் என்று நானே உட்கார்ந்து பூசிய கரி! அன்றைக்குப் பானை கண்ணாடியாக மின்னி, தேவகி கண்ணைத் திறக்க முடியாமல் நடித்தாள்.

நான் செய்த மாற்றம் ஒன்றுதான். கூரை விளிம்பில் ஒரு ஃபிளட் லைட்டை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டினேன். தேவகி முதல் சாமானை நீட்டும்போது அதை மெதுவாக ஏற்றுவேன். இருட்டில் நின்றிருந்த பெண்களின் முகங்கள் மேலெழும்பி வரும். உள்ளே இருந்த ஆண்கள் அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். முதல் தடவை ஏற்றியபோது, பின்வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே எழுந்து போனார்.

கம்பி வலைக்குப் பின்னாலிருந்து நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு காட்சிக்கும் வந்தார். வீட்டில் அவர் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. உள்ளே மட்டும் வரவில்லை. ஒரே ஒரு தடவை அம்மா உள்ளே வந்து, என் விளக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது ஒன்றுதான் என் ஆசை. ஒவ்வொரு வாரமும் ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்தேன்.

4. கடைசி நாள்

தோட்டம் கைமாறியது. தாமான், புதுக் குடியிருப்பு, வரப்போகிறது, கள்ளுக்கடையை இடிக்கப் போகிறார்கள் என்றார்கள். கடைசிக் காட்சியில் பெண்கள் சாமான்களைத் திருப்பித் தர மனமில்லாமல் நின்றார்கள். தேவகி அழுதாள். அது நடிப்பில்லை. அம்மா அன்றும் உள்ளே வரவில்லை.

மறுநாள் காலை நான் தனியாக ஏணியில் நின்று விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பசியாற நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து, வழக்கம்போல் லோங்காங்குக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"எல்லாத்தையும் கழட்டிட்டியா?"

"இன்னும் ரெண்டு இருக்கும்மா."

கையை நீட்டி, பொட்டலத்தை அரைச்சுவரில் வைத்தார். பிறகு கேட்டார்.

"உங்கப்பன் எங்க உக்காருவாரு?"

எனக்குத் தெரியும். எம்பி எம்பிப் பார்த்த சுவர் ஆயிற்றே. கவுண்டர் ஓரத் தூணைக் காட்டினேன். அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்து லோங்காங்கைத் தாண்டினார். நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் திரும்பிவிடுவாரோ என்று பயம். நேராகத் தூண் அருகே போய், தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். என் விளக்குகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தான் இத்தனை காலம் நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கே நல்ல வெயில்.

"இங்கேருந்து பாத்தா வெளிய நிக்கிறவங்க மூஞ்சி தெரியுமா லெட்சுமி?"

"தெரியும்மா. வெளிய வெயிலு, உள்ள நிழலு. உள்ள இருக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும். வெளிய நிக்கிறவங்களுக்குத்தான் உள்ள தெரியாது."

வேலை பேசுகிற வாய். பட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அம்மாவின் முகம் எனக்கு உறைத்தது.

"எனக்கு அவரத் தெரியல. அதனால அவருக்கும் என்னத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் அம்மா. "பாத்துக்கிட்டேதான் குடிச்சிருக்காரு."

அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

"நீயும் இங்கேருந்து என்னப் பாத்தியா? நாடகம் நடக்கறப்ப?"

"எல்லா வாரமும் பாத்தேம்மா. உனக்குன்னுதான் அந்த வெளி லைட்டே."

"நீயாவது பாத்தியே" என்றார். பிறகு, "எறங்கி வா, சோறு ஆறிப்போவும்."

இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

5. இப்போது

இப்போது எங்களுக்குக் குருணில் ஒரு கடைவீட்டு மாடி இருக்கிறது. சுவரெல்லாம் கறுப்பு, ஏர்கோன், எல்.இ.டி., கம்ப்யூட்டர் போர்டு. பட்டனைத் தட்டினால் எந்த நிறம் வேண்டுமானாலும் வரும். பார்க்க வருகிறவர்கள் ஒழுங்காக வந்து, ஒழுங்காக உட்கார்ந்து, ஒழுங்காகக் கை தட்டுகிறார்கள். பானையைத் தேய்த்துக் கொண்டுவர ஆளில்லை. நான் அந்த அரைச்சுவருக்காக ஏங்குகிறேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கள்ளுக்கடை இருந்த இடத்தில் இப்போது யாரோ வீட்டு முன்னால் காடியை, காரை, நிறுத்துகிறார்கள்.

புதிதாக லைட்டிங்குக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விளக்கை மாட்டுவதற்கு முன் வெளியே போய் நின்று பாருங்கள். அங்கிருந்து என்ன தெரியவில்லை என்று பாருங்கள். பிறகு உள்ளே வந்து, வெளியே நிற்கிறவர் எவ்வளவு நன்றாகத் தெரிகிறார் என்று பாருங்கள். தெரிந்துவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள்.

மாடிப்படி முடிகிற இடத்தில், வாசலுக்கு வெளியே, ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கிறேன். போர்டில் அதற்குத் தனி ஃபேடர். சீன் எதிலும் அது சேராது. சென்ற மாதம் தேவகி கேட்டாள், "யாருக்கு லா அது? படியில யாரும் நிக்கிறதில்லியே."

அம்மா போய்ச் சேர்ந்து நாளாகிறது. இந்த மாடிப்படியை அவர் ஏறியதே இல்லை.

"எரியட்டும்" என்றேன். நாடகம் தொடங்கும்போது முதலில் அதைத்தான் மெதுவாக ஏற்றுகிறேன். ஏற்றிவிட்டு, கதவு வழியாக ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன்.