கடவுச்சீட்டை அலுமாரியில் பூட்டிவிட்டு மொனாக்கோ போனேன்

நீஸ் நகரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு நானும் மனுசியும் போயிருந்தபோது, தங்கச்சியின் புருசன் ஒருநாள் லீவு எடுத்து, "வாங்கோ மச்சான், இண்டைக்கு ஒரு நாடு காட்டிறன்" என்றார். ஏதோ பக்கத்து ஊர்ப் பெருநாள் காட்டுகிற மாதிரித்தான் சொன்னார். அதனால் நானும் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கடலோரப் பாதை. வளைவுக்கு வளைவு தூங்கி விழுந்துகொண்டிருந்த என்னை மச்சான் தட்டினார்.

"மொனாக்கோ வந்திட்டுது."

"எப்ப?"

"அந்த வளைவு தாண்டேக்க."

"செக் பொயின்ற் எங்க?"

"அப்பிடி ஒண்டும் இல்லை."

"இறங்கி நடக்கிறேல்லையோ?"

"பஸ் இருக்கேக்க ஏன் மச்சான் நடக்கோணும்?"

நான் பேசாலைக்காரன். சண்டைக் காலத்தில், மன்னார்த் தீவில் இருக்கும் என் சொந்த வீட்டுக்குப் போகவே பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆமிக்காரருக்குக் காட்ட அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து, அங்கால் வந்து நிற்கும் வெறும் பஸ்ஸில் திரும்ப ஏறிப் பழகியவன். அதெல்லாம் முடிந்து கனகாலம். முடிந்த செய்தி என் உடம்புக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு நாட்டுக்குள் இப்படிக் கேள்வி கேட்காமல் விடுகிறார்கள் என்றால், பிடிக்கிற இடம் உள்ளேதான் இருக்க வேண்டும். கடலில் கூடு வைத்து மீன் பிடிக்கிற எனக்குத் தெரியாதா? கூட்டுக்குள் போகிற வழி எப்போதும் லேசுதான்.

சட்டைப் பையைத் தடவினேன். கடவுச்சீட்டு இல்லை. துலைந்துவிடக் கூடாது என்று தங்கச்சியின் அலுமாரிக்குள் நானே வைத்துப் பூட்டியிருந்தேன்.

"இஞ்சேரும், பிடிச்சா என்ன செய்யிறது?" என்று மனுசியின் காதுக்குள் கேட்டேன்.

"பிடிச்சா என்ன? பணக்கார நாடு. மறியல் அறையிலயும் மெத்தை போட்டிருப்பினம்."

அவவுக்குப் பகிடி. எனக்கோ விசா போய்விடும் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், பேசாலை முழுக்க எனக்கு 'மொனாக்கோக் கள்ளன்' என்று பட்டம் வைத்துவிடுவார்கள் என்பது. எங்கள் ஊரில் ஒரு பட்டம் விழுந்தால் கல்லறையிலும் அதையும் சேர்த்துத்தான் வெட்டுவார்கள்.

முதலில் சூதாட்ட மாளிகை. வாசலில் நிற்கிற கார்களைச் சனம் சுற்றி நின்று படம் எடுத்தது. மன்னார் பஸ் நிலையத்தடியில் கழுதைகளை வெளிநாட்டார் படம் எடுப்பதும் இப்படித்தான். யாருடைய படத்திலும் என் முகம் விழுந்து சாட்சியாகிவிடக் கூடாது என்று நான் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டேன்.

"தொப்பிய மேல தூக்குங்கோ. இப்பதான் உண்மையிலயே கள்ளன் மாதிரிக் கிடக்கு" என்றா மனுசி.

பிறகு மலையேற ஒரு லிப்ற். காசு கேட்காத லிப்ற். கதவு மூடினதும் 'சரி, முடிஞ்சுது' என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஒரு கிழவியும் அவவின் சின்ன நாயும்தான் நின்றார்கள். நாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

பாறை உச்சியில் கடல் காட்சிச்சாலை. கண்ணாடிக்குப் பின்னால் மீன்கள் வெளிச்சம் போட்டு, பேர் எழுதி, ராசா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நீந்தின. மனுசி ஒரு பெரிய கலவாய் மீனுக்கு முன்னால் கனநேரம் நின்றா.

"இந்தத் தலைய மட்டும் தந்தினமெண்டா சொதி வைக்கலாம்."

"சத்தம் போடாதையும். களவெண்டு சேர்த்துப் பிடிப்பினம்."

அங்கிருந்து அரண்மனைக்குப் போகிற வழியில் பெரிய கோயில். மனுசி ஒரு மெழுகுதிரி கொளுத்தினா. யாருக்கு என்று கேட்டேன். "உங்கட நடுக்கத்துக்கு" என்றா.

அரண்மனை வாசலில் காவல் மாறுகிற நேரம். நல்ல சனம். வெள்ளை உடுப்புப் போட்ட சிப்பாய்கள் மேளத்தோடு வந்தார்கள். வழி விடச் சொல்லி ஒரு பொலிஸ்காரி எங்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினா.

சீருடையில் ஒரு கை உயர்ந்தது. அவ்வளவுதான், மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொண்டது. தொப்பி தானாகக் கழன்றது. கை பேர்சுக்குள் போனது. இலங்கை அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே, படம் அவவுக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்தபடி, நான் வரிசையில் நின்றேன். வரிசை என்று அங்கே ஒன்றும் இல்லை. நான் ஒருவன்தான் வரிசை.

பொலிஸ்காரி அட்டையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னா.

"என்னவாம் மச்சான்?"

"ஒரு அடி பின்னுக்கு நிக்கட்டாம். சிப்பாய்மாருக்கு இடைஞ்சலாம்."

ஒரு அடி பின்னால் வைத்தேன். மனுசியில் இடிபட்டேன். இன்று முழுக்க வாங்கின பகிடியெல்லாம் ஒன்றுமில்லை, இனித்தான் பெரிசாகக் கிடைக்கப்போகிறது என்று திரும்பிப் பார்த்தால், அவவும் நிமிர்ந்து நிற்கிறா. கையில் அவவின் அடையாள அட்டை.

மேளம் எங்களைத் தாண்டிப் போனது. இரண்டு பேரும் அட்டைகளை உள்ளே வைத்தோம். மச்சான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "எல்லை வந்தாச் சொல்லுங்கோ" என்று மச்சானிடம் கேட்டுவைத்தேன். கொஞ்ச நேரத்தில் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். ஒரு பூச்சாடி, அதற்குப் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி. பூச்சாடி மொனாக்கோவினுடையதாம், குப்பைத்தொட்டி பிரான்சினுடையதாம்.

நான் மூச்சு விடமுந்தி மனுசி என் கையைப் பிடித்தா.

"தப்பிட்டம், என்ன?" என்றா, மச்சானுக்குக் கேட்காமல்.