பாலம்மா மகளின் நிறை

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறவர்கள் உண்டு. வெறும்வாயோடு வருகிறவர்களை நான் பார்த்ததில்லை. என் மூத்தவன் பிறந்தபோது குண்டாக இருந்தான். "என்ன தெரேசா, ஊதிப்போய்க் கெடக்கான், நீர் கோத்திருக்கப் போகுது, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்கள். அடுத்த வீட்டுப் பாலம்மாவின் மகள் மெலிவாக இருந்தாள். அவளையும் விட்டுவைக்கவில்லை. எந்த அளவில் பிள்ளை பெற்றால் இவர்கள் வாய் மூடும் என்று நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

இது 1991ஆம் ஆண்டு நடந்தது. வத்தேகமையில் ஒரு பழைய வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் நாங்கள். மறுபாதியில் பாலம்மாவும் அவள் கணவன் ராஜலிங்கமும். அவன் டவுனில் ஒரு இரும்புக்கடையில் வேலை செய்தான். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பலகைச் சுவர் என்பதால் அந்தப் பக்கம் பிள்ளை தும்மினாலும் இந்தப் பக்கம் கேட்கும். பாலம்மா அழுததும் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ராஜலிங்கத்தின் அப்பா இராமையா, மேலே ஐந்து மைல் தள்ளியிருந்த தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள் பாலம்மாவின் அம்மா. கலியாணத்துக்கு முன்பே அவள் இறந்துவிட்டாள். கணக்கப்பிள்ளை வீட்டுப் பையன் கொழுந்துக்காரி மகளை விரும்பிக் கட்டியதை அந்தக் குடும்பம் வாயால் மன்னித்துவிட்டது. மனசால் மன்னித்ததாகத் தெரியவில்லை. பிள்ளை மெலிவாகப் பிறந்ததும் பேச ஒரு சாக்குக் கிடைத்தது.

பேச்சில் முதல் இடம் ராஜலிங்கத்தின் அக்கா வீரம்மாவுக்கு. பிலிமத்தலாவையில் பலசரக்குக்கடை வைத்திருந்த ஆளுக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவாள்.

"பேரு பாலம்மா. புள்ளயப் பாத்தா பேருல மட்டும்தான் பால் இருக்கும்போல."

எல்லோரும் சிரிப்பார்கள். பாலம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால்தான் எரிச்சலாக வரும். விருந்தாட்கள் போன பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

அவளும் சும்மா இருக்கவில்லை. சொந்தக்காரர்கள் வருகிற நாளில் ஜெயமலருக்கு (அதுதான் பிள்ளையின் பெயர்) ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டு, அதற்கு மேல் கம்பளிச் சட்டையும் மாட்டிவிடுவாள். பிள்ளை கொஞ்சம் பருத்துத் தெரியும். ஆனால் பங்குனி வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு கிளம்பியது. "ஒடம்புலதான் சதை இல்லன்னு பாத்தா தோலும் சரியில்லயே" என்றாள் வீரம்மா. எனக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்தது.

நாலாவது மாதம் நடந்த சங்கதிதான் பெரியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கப்பிள்ளை வீட்டில் சாமி கும்பிட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் பிள்ளை கைக்குக் கை மாறியது. ஒருத்தி எலிக்குஞ்சு என்றாள். ஒருத்தி, பால் தண்ணியாக இருக்கும், டின்னில் வருகிற மாப்பால் கொடுக்க வேண்டும் என்றாள். பாலம்மா மெல்ல, "கிளினிக்ல சரியா இருக்குன்னுதான் சொல்றாங்க" என்றாளாம். அதற்கு நாலு பேர் சேர்ந்து பதில் சொன்னார்கள். கடைசியில் இராமையா எழும்பினார்.

"எதுக்கு வாய்ச்சண்டை? மடுவத்துல தராசு இருக்கு. நிறுத்துப் பாத்துருவோம்."

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அன்று ஞாயிறு என்பதால் பூட்டிக் கிடந்தது. திறப்பு அவரிடம்தான் இருந்தது. உத்தரத்துக் கொக்கியில் வட்ட முகத் தராசை மாட்டி, சேலையில் தொட்டில் கட்டிப் பிள்ளையைத் தொங்கவிட்டார்கள். விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பாலம்மா இரண்டு கையையும் கீழே ஏந்திக்கொண்டு பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இராமையா முள்ளைப் பார்த்து உரத்துச் சொன்னார்:

"நாலரை."

பாலம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். போன மாதம் கிளினிக் அட்டையில் ஐந்து கிலோ நூறு கிராம் என்று எழுதியிருந்தது. ஒரு மாதத்தில் பிள்ளை அரைக் கிலோவுக்கு மேல் இளைத்துப் போயிருக்கிறது. வீரம்மா, "நான் சொன்னா யாரு கேட்டா" என்றாள். மறுநாளே ஒரு பால்மா டின் வந்து சேர்ந்தது.

அந்த டின் மூன்று நாள் அலுமாரிமேல் இருந்தது. புதன்கிழமை கிளினிக் நாள். பாலம்மா டின் வந்த கதையைச் சொன்னாள். மிட்வைஃப் டொரதி மிஸ் பிள்ளையை நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்துக் கோட்டை இழுத்தார்.

"அஞ்சு கிலோ அறுநூறு. கோடு மேலதான் போகுது. சின்ன உருவம், அவ்வளவுதான். நல்லாக் குடிக்கிது, நல்லா வெளயாடுது. டின்ன ஒடைச்சிராதீங்க. அத ஊட்ட ஊட்ட ஒங்ககிட்ட பால் கொறஞ்சு போகும். பொறகு டின்தான் கதி."

இதைக் கேட்டுப் பாலம்மா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்குப் பயம் கூடியது. மாமனார் சொன்னது நாலரை, மிஸ் சொன்னது ஐந்தரைக்கு மேல். ராஜலிங்கம் யார் பக்கம் என்று கேட்கவே வேண்டாம்.

"அப்பா முப்பது வருசமா நிறுக்கிறாரு. அவரு தராசா தப்பும்? மிஸ்ஸோட தராசு பைக்குள்ள ஆடிக்கிட்டு ஊர் ஊராத் திரியுது. ஞாயித்துக்கெழம அக்கா வருவா. அதுக்குள்ள டின்ன ஒடைச்சுரு."

அவன் கெட்டவன் இல்லை. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிடும் என்று உண்மையிலேயே பயந்தான். பயந்த ஆண்பிள்ளைகள் அதிகாரம் பண்ணுவார்கள்.

அன்று மாலை பாலம்மா என்னிடம் வந்தாள். "டீச்சர், மூணு நாளுல ஒரு கிலோ ஏறுமா?" என்று கேட்டாள். நான் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர். உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வீரம்மாவைப் பற்றிக் கால்மணி நேரம் திட்டினேன். கோபம் வந்தால் எனக்குக் கூட்டலும் வராது, கழித்தலும் வராது. பாலம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"அன்னைக்கு நான் முள்ளப் பாக்கல டீச்சர். பாக்கணும். நீங்களும் வாங்க."

சனிக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மூன்றரை பஸ்ஸில் போனோம். மடுவத்தில் அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். இராமையா தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு நிறையாகச் சொல்லிச் சொல்லிக் குறித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "செத்த நில்லுங்கம்மா, முடிச்சிட்டு வாறேன்" என்றார்.

பாலம்மா தராசுக்கு நேரே போய் நின்றாள். ஒரு சாக்குத் தொங்கியது. இராமையா "பதினாலு" என்றார். அடுத்தது. "பதினேழு." அதற்கடுத்தது. பாலம்மா சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், முள்ளப் பாருங்க."

பார்த்தேன். முள் பதினெட்டில் நின்றது. இராமையா "பதினாறு" என்றார். அந்தச் சாக்குக்காரி சாக்கை இறக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு" என்றாள் பாலம்மா. "கழிச்சுத்தான் சொல்லுவாங்க. சின்னப் புள்ளயில இருந்து கேட்டது. எனக்கு எப்படி ஞாபகம் வராமப் போச்சு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் அதற்குள் வரிசையைத் தாண்டிப் போய்விட்டாள்.

"மாமா, புள்ளய இன்னொருக்கா நிறுங்க."

"இப்பவா? வேலை நேரத்துலயா?"

"இப்பவே மாமா. எல்லாரும் இருக்கையில."

வரிசையில் நின்ற பெண்களே ஆளுக்கொரு கையாகச் சேலையைக் கட்டிக் கொடுத்தார்கள். இந்த முறை கீழே கை ஏந்தியது நான். பாலம்மா முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இராமையாவும் பார்த்தார். பார்த்த வேகத்தில் சொன்னார்:

"நாலரை."

"முள்ளு எங்க நிக்குது மாமா?"

"அஞ்சரையில."

"அப்ப ஏன் நாலரைன்னீங்க?"

"அது... சாக்குக்கு ஒரு..." என்று தொடங்கியவர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

பிறகு வரிசையில் யாரோ கெக்கலி கொட்டினாள். "ஆத்தாடி, கணக்கப்புள்ள பேத்திகிட்டயே கழிச்சுப்புட்டாரு!" "ஈரத்துக்குக் கழிக்கலயா சாமி?" "புள்ள ஒண்ணுக்குப் போகட்டும், அதையும் கழிப்பாரு!" மடுவமே குலுங்கியது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

பாலம்மா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிற அந்தப் பெண் அன்று சிரிக்காததைக் கண்டுதான் மற்றவர்களும் அடங்கினார்கள்.

"எங்கம்மா கொழுந்துல இருவத்தேழு வருசம் கழிச்சீங்க மாமா. தோட்டத்துச் சட்டம்னீங்க, அவளும் பேசாம வாங்கிட்டுப் போனா. என் புள்ளகிட்ட கழிக்காதீங்க."

இராமையாவின் முகம் செத்துப்போனது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பேத்தியின் நிறையைக் குறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. முப்பது வருஷமாக முள்ளில் கண்டதை அப்படியே சொல்லி அவருக்குப் பழக்கமில்லை, நாக்கு தானாகக் கழித்துவிட்டது. ஆனால் அந்த நாக்கை நம்பி ஒரு தாயின் மார்பை வற்றவைக்கப் பார்த்தார்கள், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். தராசுக்குப் பக்கத்தில் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கொழுந்து நிறை சொல்கிற அதே குரலில், மடுவத்துக்கு வெளியிலும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"அஞ்சரைக் கிலோ. கழிவு இல்ல."

பிள்ளை அந்தச் சத்தத்தில் அழத் தொடங்கியது. பாலம்மா அதை வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிப் பால் கொடுத்தாள். இராமையா முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். பின்னால் பெண்கள் மறுபடி சிரிக்கத் தொடங்கியபோது, "சத்தம் போடாதீங்க, புள்ள குடிக்கிது" என்று அதட்டினார். கடைசிச் சாக்கு ஏறும்போது நன்றாக இருட்டிவிட்டது. தாமதத்துக்காக யாரும் முணுமுணுக்கவில்லை.

மறுநாள் சொன்னபடி வீரம்மா வந்தாள். தம்பிக்காரன் முதல் வேலையாக உடைக்காத டின்னை எடுத்து அவள் பையில் வைத்து, "ஒங்க வீட்டுல தேத்தண்ணிக்கு ஆகும்க்கா" என்றான். அப்பா அவனிடம் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வீரம்மா அதோடு விடுகிற ஆளா? பிள்ளையைத் தூக்கிக் கையையும் காலையும் இழுத்துப் பார்த்தாள்.

"என்னதான் கணக்குச் சொன்னாலும் ஒல்லிதான்."

பலகைக்கு இந்தப் பக்கம் நான் எழும்பிவிட்டேன். போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று செருப்பைக்கூடத் தேடினேன். அதற்குள் பாலம்மாவின் குரல் கேட்டது. குரலில் நடுக்கம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"ஆமா மதினி, ஒல்லிதான். குடுங்க, அவளுக்குப் பசிக்கிது."

கொஞ்ச நேரத்தில் பலகை வழியாகப் பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டது.