அன்று காலை கொடுத்த பிரஷர் மாத்திரை

அறுவை அரங்கின் வாசலில் நாற்காலிகள் இருந்தன. நான் உட்காரவே இல்லை. உள்ளே என் கணவருக்கு இதய வால்வு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிமலைக்கு பஸ் ஓட்டுகிறவர், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஆளாகிப்போனார்.

கச்சிராயபாளையத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர் மாத்திரை கொடுப்பது என் வேலை. ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள் என்று ஊருக்கே சொல்லிச் சொல்லி, எனக்கே அது வேதவாக்காகிவிட்டது. அறுவைக்கு முந்தைய நாளிலிருந்து என் கணவருக்கு அந்த மாத்திரை வேண்டாம் என்றிருந்தார் டாக்டர். ஒரு நாள் பொறுத்தேன். அறுவையன்று காலை பிரஷர் பார்த்தால் நூற்று அறுபது. பயத்தில் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். நர்ஸ் கேட்டபோது கொடுக்கவில்லை என்றேன். பெரிய கெட்டிக்காரி நான்.

மதியம் டாக்டர் வெளியே வந்தார். வால்வு சரியாகப் பொருந்திவிட்டதாம். இதயத்தை நிறுத்தி வைத்திருந்த நேரம் முழுக்க ரத்தம், ஹெப்பாரின் (உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்து, ஓர் இயந்திரத்தில் ஓடியிருக்கிறது. இயந்திரத்தின் குழாய்களைத் தொட்ட ரத்தம் சிலருக்கு முரண்டு பிடித்து, பிரஷரை இறக்கிவிடுமாம். இப்போது இதயம் துடிக்கிறது, பிரஷர்தான் ஏறவில்லை. வாசோப்ளீஜியா (ரத்தக் குழாய்கள் இறுகாமல் தளர்ந்து விரிவது) என்றார்.

"காலைல பிரஷர் மாத்திரை ஏதாவது போட்டாராம்மா?"

பக்கத்தில் மாமியார். சொன்னால் அவர் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் என் கணவர் பிழைப்பாரா என்றே தெரியாது.

"நான்தான் குடுத்தேன் சார். நர்ஸம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதுவும் சேர்ந்திருக்கலாம், வேறு மருந்தும் சேர்த்துப் பார்க்கிறோம் என்று உள்ளே போனார். "இன்னா பண்ணிக்கினு வந்து நிக்கிற நீ" என்றார் மாமியார். பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நார்அட்ரினலின் (குழாய்களை இறுக்கும் மருந்து) இரண்டு நாள் இடைவிடாமல் ஏறியது. மூன்றாம் நாள் அந்த மருந்தில்லாமலே பிரஷர் நிலைத்து நின்றது. நான் வராந்தாவில் அழுதேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிறுத்தச் சொன்னதை நிறுத்துங்கள். தவறிக் கொடுத்துவிட்டால், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வீடு திரும்பிய மூன்றாம் வாரம், மாமியார் வாயிலிருந்து அது வருவதற்குள் நானே என் கணவரிடம் சொன்னேன்.

"மறந்துபோயி குடுத்துட்டியா?"

"இல்லங்க. தெரிஞ்சேதான்."

அவர் கையை நீட்டினார். மாத்திரை டப்பாவை வாங்கித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

தினமும் காலை எட்டு மணி மாத்திரை நேரம். அவர் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தானே பிரித்துப் போட்டுக்கொள்கிறார். நான் தண்ணீர் மட்டும் கொடுக்கிறேன்.