இருநூற்று எண்பது மில்லி

மார்ச் 3, 2009 — 450 மில்லி
ஏப்ரல் 14 — 450
மே 26 — 450
ஜூலை 7 — 450
ஆகஸ்ட் 18 — 280
அக்டோபர் 6 — 450
மொத்தம் — 2,530 மில்லி

முல்தி அயாரி முப்பத்தொரு வருடம் இரத்த வங்கியின் பதிவேட்டை எழுதினார். பேஜா நகரத்துக்கு மேற்கே, கோதுமை வயல்கள் முடிகிற இடத்தில் இருந்த சின்ன மருத்துவமனை அது. நோயாளிக்கு ஒரு பை இரத்தம் வேண்டுமென்றால் அவர் வீட்டார் ஒரு பை கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தவர் நான்கு மாதம் கழித்தே மறுபடி கொடுக்கலாம். கொடுக்க வருகிறவரின் அடையாள அட்டையை வாங்கி, எண்ணை இரண்டு முறை சரிபார்த்து, பெயரையும் அளவையும் எழுதுவார். மாலையில் அதையே தன் சொந்த நோட்டிலும் படியெடுத்து வைப்பார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

ஆண்கள் வந்தால் நாலு வார்த்தை பேசுவார். பெண்கள் வந்தால் தலை நிமிர மாட்டார். வேற்றுப் பெண்ணின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது அவர் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. அதற்காகவே ஊர்ப் பெண்கள் அவரை நல்ல மனிதர் என்றார்கள்.

ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்து, 2018 அக்டோபரில், மேல்வீட்டு வஸீலா ஒரு கட்டுத் தாளோடு கதவைத் தட்டினாள். அவள் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம். பள்ளி நூலகத்தில் வேலை. கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். பதினொரு வயது மகன் அய்மனுக்குப் பிறவியிலேயே இரத்தக் கோளாறு. ஆறு வாரத்துக்கு ஒரு பை ஏற்ற வேண்டும். இதெல்லாம் முல்திக்குத் தெரியும். அவள் நாவல் எழுதுவதுதான் தெரியாது.

ஆர்வான் என்றொரு கற்பனை நாடு. அங்கே எந்த மந்திரத்துக்கும் விலை இரத்தம். ஸிக்ரா என்ற பெண், தன் தம்பி மூச்சு நிற்காமலிருக்க, கிணற்றுப் பூதத்துக்கு இரத்தம் கொடுக்கிறாள். ஒருவரிடம் வாங்கினால் நான்கு மாதம் கழியாமல் அதே ஆளிடம் பூதம் மறுபடி வாங்காது.

"எவ்வளவு ரத்தத்துக்கு எவ்வளவு மந்திரம்னு ஒரு வரம்பு வேணும் பெரியப்பா," என்றாள். "இல்லேன்னா படிக்கிற பசங்க, இதுல என்ன கஷ்டம், இன்னொரு சொட்டு விட்டா போச்சுன்னு சிரிப்பாங்க."

முல்திக்கு வெகுநாளாக இப்படி ஒரு வேலை கிடைக்கவில்லை. கோடு போட்டு அட்டவணை எழுதினார். மழை வரவழைக்க இவ்வளவு, காயம் ஆற்ற இவ்வளவு, உடம்பு தேற இத்தனை நாள்.

"விளக்கேத்த ஒரு வாளி ரத்தமா? உங்க ஆர்வான்ல தீப்பெட்டி விக்கிறதில்லையா?"

"நீங்க மந்திரவாதி இல்ல பெரியப்பா, மளிகைக்கடைக்காரர்."

ஒரு இடம் மட்டும் அவருக்கு ஒப்பவில்லை. நான்கு மாத விதியை ஏமாற்ற, ஸிக்ரா ஒவ்வொரு முறையும் தன் அக்கா தங்கைகளின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறாள். கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும் எழுத்தன் அதைக் கண்டுபிடிப்பதில்லை.

"அந்த எழுத்தன் என்ன குருடனா?"

"குருடன் இல்ல. ரொம்ப நல்லவன். பொண்ணுங்க மொகத்தைப் பாக்க மாட்டான்."

"அப்படிப்பட்டவனை நான் ஒரு நாள்கூட வேலைக்கு வெச்சுக்க மாட்டேன்," என்றார் முல்தி. வஸீலா அடுத்த அத்தியாயத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். மாடிப்படியில் பாதி ஏறி, உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனாள். நாற்பது வயதில் இப்படியா என்று அவர் கேலி செய்தார்.

மறுநாள் காலை ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்தார். ஐந்தாவது தடவை பாதியிலேயே ஸிக்ரா மயங்கி விழுகிறாள். எழுத்தன் அவள் மேல் ஆரஞ்சுப்பூ நீர் தெளிக்கிறான். மனைவி கட்டிக் கொடுத்த மக்ரூத் என்ற பேரீச்சம்பழப் பணியாரத்தில் பாதியை உடைத்து, குனிந்த தலையோடு நீட்டுகிறான். அளவு: இருநூற்று எண்பது.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் மேசைக்கு முன்னால் மயங்கி விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தன் மக்ரூத்தைப் பிட்டுக் கொடுத்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை.

நோட்டை எடுத்தார். ஆகஸ்ட் 18, 2009. 280. மோன்ஜியா. வஸீலாவின் அக்கா, கல்யாணமாகி 2006லேயே பலெர்மோவுக்குப் போனவள் என்று வஸீலாவே சொல்லியிருக்கிறாள். முன்னும் பின்னும் புரட்டினார். ஆறு வரிகள், நான்கு சகோதரிகளின் பெயர்கள், இரத்தம் பெற்ற குழந்தை ஒன்றே: அய்மன், வயது இரண்டு. அட்டைகளை நீட்டிய கை அப்போதுதான் அவர் கண்ணில் வந்து நின்றது. கட்டைவிரலில் தீக்காயத் தழும்பு. அதே கை இரண்டு வருடமாக அவருக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுக்கிறது.

செருப்புப் போடாமல் மாடியேறினார்.

"மோன்ஜியா பேர்ல வந்தது நீதானா?"

"நாலு பேர் பேர்லயும் நான்தான். உக்காருங்க பெரியப்பா."

"இதை என்கிட்ட எதுக்கும்மா காட்டினே?"

"வேற யார்கிட்ட காட்டுவேன்? எழுதினது நீங்கதானே."

2009 அக்டோபருக்குப் பிறகு எட்டு வருடம் கொழுந்தன்மார் கொடுத்தார்களாம். போன வருடக் கடைசியில் அவர்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்ததும், அக்காமார் விட்டுப்போன பழைய அட்டைகளை மறுபடி எடுத்திருக்கிறாள். இந்த வருடம் மட்டும் ஆறு முறை. வரும் செவ்வாய் ஏழாவது. முல்தி முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். உதடு மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"என் கணக்குப்படி உன் ஸிக்ரா இன்னொரு தடவை கொடுத்தா செத்துடுவா."

"கொடுக்கலேன்னா தம்பி செத்துடுவான். கதையே அதுதானே."

கீழே வந்தவர் நேராகக் காப்பிக் கடைக்குப் போனார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. அவரிடம் இரத்தம் எடுக்க மாட்டார்கள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்களிடம் பையனின் நிலையை மட்டும் சொன்னார். ஊசி என்றால் ஆகாது என்று இருவர் நழுவினார்கள். ரொட்டிக்கடை ஹஸூனா, உன் நோட்டில் என் பெயரை அழகாக எழுதுவாயானால் வருகிறேன் என்றான். செவ்வாய்க்கு முன் ஒன்பது பேர் தேறினார்கள், ஆறு வாரத்துக்கு ஒருவராக.

செவ்வாயன்று வஸீலா அக்காவின் அட்டையோடு வந்தபோது, ஹஸூனா ஏற்கெனவே கையை நீட்டிப் படுத்திருந்தான். புதிய எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு, முல்தி சொல்லியிருந்தபடி, தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவள் பையனுக்கான பையை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்ற முல்தியை ஏறிட்டும் பாராமல் போனாள்.

குளிர்காலம் முழுக்கப் பேச்சில்லை. ஆறு வாரத்துக்கு ஒருவர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். வசந்தத்தில் கணவனுக்குப் பிஸெர்த் துறைமுகத்திலேயே வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. மே மாதத்திலிருந்து தபாலில் அத்தியாயங்கள் வந்தன, ஒரு வரி விசாரிப்புகூட இல்லாமல். முல்தி அளவுகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

கடைசி உறையில் கடைசி அத்தியாயம் இருந்தது. ஸிக்ரா இன்னொருத்தியின் பெயரோடு கிணற்றடிக்கு வருகிறாள். எழுத்தன் தலை நிமிர்ந்து பார்க்கிறான். அவனுக்கு முல்தியின் பெரிய காதுகள், முல்தியின் ஒட்டுப்போட்ட மூக்குக் கண்ணாடி. "நீ வீட்டுக்குப் போ," என்று சொல்லிவிட்டு, அந்த வரியில் தன் பெயரை எழுதித் தன் கையைப் பூதத்திடம் நீட்டுகிறான். தாளின் பின்னால் வஸீலாவின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒட்டியிருந்தது: ஹீமோகுளோபின் 12.1. கீழே அவள் கையெழுத்தில், "ஸிக்ரா சாகலை. கணக்கு சரியான்னு பாருங்க."

முல்தி இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, 280 என்று எழுதியிருந்த பக்கத்தில், ஓரமாக, கடிதம் வந்த தேதியைக் குறித்தார்: ஆகஸ்ட் 20, 2019, செவ்வாய்.