கல்லுக்குப் பழகிய கை

பாலக்காட்டு அச்சாபீஸில் மூணாறு தேயிலைப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது என் வேலை. அச்சுக்கல்லில் எழுத்தை இடவலம் மாற்றி எழுதினால்தான் காகிதத்தில் நேராக விழும். என் கை தடுமாறாது என்று எனக்குக் கர்வம் உண்டு.

விஜயதசமியன்று மகளுக்கு அக்ஷராப்யாசம். அவள் விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதினேன். கைப்பழக்கத்தில் அதையும் மாற்றி எழுதிவிட்டேன்.

"ஆரம்பமே கோணலாயிடுத்தே," என்றார் என் அண்ணா. குழந்தை என் முகத்தையே பார்த்தாள்.

என் மனைவி பூஜையிலிருந்த கண்ணாடியை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினாள். அதில் 'அ' நேராகத் தெரிந்தது.

"அப்பா, கண்ணாடிக்குள்ளே இருக்கற கொழந்தைக்கு எழுதியிருக்கா. இனி ஒனக்கு எழுதித் தரச் சொல்லு," என்றாள் மகளிடம்.

அரிசியைப் பரப்பி மறுபடி விரலைப் பிடித்தேன். அத்தனை வருஷமாகக் கல்லுக்கே எழுதி வந்த கை, அப்போதுதான் மகளுக்கு எழுதியது.